மழையைப் பிடித்த வாய்க்கால்கள்

ஹாங்காங்கில் பெரிய ஆறு கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி நிலத்தடி நீரும் இல்லை. மலை இருக்கிறது, மழை பெய்கிறது, அவ்வளவுதான். நல்ல தண்ணீர்த் திட்டம் தருபவருக்கு 1000 பவுண்டு பரிசு என்று 1859-ல் பிரிட்டிஷ் காலனி அரசு அறிவித்தது. அப்படி வந்த போக்ஃபுலாம் நீர்த்தேக்கம் 1863-ல் முடிந்தபோதே ஊருக்குப் போதவில்லை!

அடுத்தடுத்து அணைகள் கட்டினார்கள். ஆனால் உண்மையான கெட்டிக்காரத்தனம் அணையில் இல்லை, வாய்க்காலில்தான். மலைச்சரிவின் குறுக்கே, லேசான வாட்டத்தோடு, கிலோமீட்டர் கணக்கில் வெட்டினார்கள். பக்கத்துச் சரிவுகளில் விழுந்து வீணாகக் கடலுக்கு ஓடும் மழையும் இதில் சிக்கி அணைக்கு வந்துவிடும். அணையைத் தொடாமலே அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு கூடிவிடுகிறது.

ஆனால் மழையே பொய்த்தால்? 1963-ல் அதுதான் நடந்தது. நான்கு நாளைக்கு ஒருமுறை, நான்கு மணி நேரம்தான் தண்ணீர். தெருவெல்லாம் வாளி வரிசை. 1968-ல் கடலின் ஒரு குடாவையே அணை போட்டு அடைத்து, உப்புநீரை இறைத்துவிட்டு, பிளவர் கோவ் நீர்த்தேக்கம் ஆக்கினார்கள். ஆனாலும் இன்று ஹாங்காங் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு, 1965 முதல் குழாயில் வரும் சீனாவின் டொங்ஜியாங் ஆற்று நீர்தான்.