முதல் என்ற சொல்

1997 ஏப்ரலில் ஓர் இரவு. ஆசிரிய பீடத்தில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்துக் கொண்டிருந்தேன். அமெரிக்க பேஸ்போல் வீரர் ஜக்கி ரொபின்சன் களமிறங்கி 50 ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி, அவர் அணிந்த 42ஆம் இலக்கத்தை இனி எந்த அணியும் புதிதாக எவருக்கும் வழங்காது என்பது செய்தி. 'பிரதான லீக்கில் விளையாடிய முதல் கறுப்பினத்தவர்' என எழுதி அச்சுக்கு அனுப்பினேன். அது தவறென்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

ரொபின்சனுக்கு 63 ஆண்டுகள் முன்னரே, 1884இல், மோசஸ் ஃபிளீட்வூட் வோக்கர் டொலிடோ அணிக்காக பிரதான லீக்கில் ஆடினார். ஆடிய ஆட்டங்கள், தற்செயலாக, 42. ஒபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். பந்துவீச்சாளரின் பந்தைப் பின்னின்று பிடிப்பது அவர் பணி. இன்றைய தடித்த கையுறைகள் இல்லாத காலம் அது.

எந்தப் பந்து வரவேண்டும் என்பதைப் பிடிப்பவர் சைகையால் உணர்த்துவார். ஆனால் அவ்வணியின் ரொனி முல்லேன், கறுப்பினத்தவரின் சைகைக்குப் பணிய விரும்பாமல், தான் நினைத்ததையே வீசினார். தான் கண்டவர்களுள் வோக்கரே மிகச் சிறந்தவர் என்பதையும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

1883இல் சிக்காகோ அணியின் தலைவர் காப் அன்சன், வோக்கர் இருந்தால் ஆடமாட்டேன் என்றார். ஆடாவிட்டால் நுழைவுச்சீட்டு வருமானத்தில் பங்கில்லை என்றதும் ஆடினார். ஆனால் 1887 ஜூலையில், வோக்கர் அப்போது ஆடிய இன்டர்நஷனல் லீக்கின் நிர்வாகிகள், கறுப்பினத்தவருடன் இனிப் புதிய ஒப்பந்தம் இல்லையென வாக்களித்தனர். பிரதான லீக்குகளுக்கு எழுதப்பட்ட விதிகூடத் தேவைப்படவில்லை; வாய்மூல உடன்பாடே போதுமாயிற்று. 1889உடன் வோக்கரின் ஆட்டவாழ்வு முடிந்தது. 1924இல் அவர் காலமானார்.

நான் செய்த தவறு ஒரு தகவற் பிழை மட்டுமன்று. 'முதல்' என்று எழுதும்போது, கதவு ஆதியிலிருந்தே மூடிக்கிடந்ததாக வாசகர் எண்ணுவர். உண்மையில் அது திறந்திருந்தது. பெயருள்ள மனிதர் சிலர் அதை இழுத்து மூடினர். ரொபின்சன் செய்தது அதை மீண்டும் திறந்ததே. அதனால் அவர் பெருமை குறையாது. மூடியவர்களின் பொறுப்புத்தான் வெளிப்படும்.

வோக்கருக்கும் முன்னர், 1879இல் ஒரேயோர் ஆட்டம் ஆடிய வில்லியம் எட்வேர்ட் வைட் என்பவரை ஆய்வாளர் சுட்டுகின்றனர். ஆகவே வோக்கரையும் 'முதலாமவர்' என்று எழுத என் பேனா இன்று துணியவில்லை.