எளுபதும் எழுபதும்

2006ஆம் வருசம். நானும் என் மாமன் மகனும் திருச்சியில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனோம். நான் பெரம்பலூர்ப் பக்கம், குன்னத்தை ஒட்டிய ஒரு சேரி. மச்சான் அரியலூர்ப் பக்கம், செந்துறைக்காரன். ரெண்டு பேர் மடியிலும் அறுவடைக் கூலியும் கடன் வாங்கிய காசும் இருந்தது. ஆளுக்கு ஒரு கிடார் வாங்கணும். அது ஒன்றுதான் நெனப்பு.

சுவரில் மாட்டியிருந்த யமஹாவைக் காட்டி, "அண்ணே, அந்த சி எளுபது எடுங்க" என்றேன்.

கடைக்காரர் எடுக்கவில்லை. "என்னது, எளுபதா?" என்றார். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். "எந்த ஊரு தம்பி?" சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது. மச்சான் முன்னால் வந்து, "சி செவன்டி எடுங்க சார்" என்றான். கிடார் கீழே இறங்கியது.

இது நடந்துகொண்டிருந்தபோதே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பெரிய கீபோர்டு ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். பேச்சைக் கேட்டதும் நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. "எளுபதாயிரம்னு சொல்றீங்க, கொறைச்சிக் குடுங்க" என்றார். அதே எளுபது. அதே ளகரம். யாரும் சிரிக்கவில்லை. "உக்காருங்கண்ணே" என்றார்கள். டீ வந்தது.

அன்றைக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் ழகரம் நாக்கில் உருளுகிற ஆட்களை எண்ணிவிடலாம். ஊர்த்தெருவும் 'பளம்' என்றுதான் சொல்கிறது, சேரியும் 'பளம்' என்றுதான் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்களை மட்டும் எழுப்பி நிறுத்தி 'ஏழை, வாழை, எழுபது' சொல்லச் சொன்ன வாத்தியாரே வீட்டில் 'வாளக்கா'தான் வாங்கினார். அவர் வாயில் வந்தால் அது கிராமத்துப் பேச்சு. எங்கள் வாயில் வந்தால் சேரிப் பேச்சு. குற்றம் எழுத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. வாய் எந்தத் தெருவில் பிறந்தது என்பதில் இருக்கிறது.

மச்சான் எடுத்தது யமஹா எஃப்310. அட்டைப்பெட்டியில் இருந்ததை நான் 'எஃப் முன்னூத்திப் பத்து' என்று படித்தேன். அவன் 'எஃப் த்ரீ டென்' என்றான். பில் போட்ட பையன் 'த்ரீ ஒன் ஜீரோ' என்றான். ஒரு பெட்டி, மூன்று பெயர்.

திரும்பி வருகிற பஸ்ஸில் யோசித்தேன். நானும் அவனும் ஒரே ரத்தம். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது ஒரே மாவட்டம். 1995 வரைக்கும் ரெண்டுமே திருச்சி மாவட்டம். 2001இல் அரியலூரைப் பிரித்தார்கள், 2002இல் திரும்பச் சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். பேச்சு மட்டும் ஏன் வேறு? அவன் அப்பா சிமெண்டு மூட்டை ஏற்றினார். அங்கே மூட்டையில் 43, 53 என்று கிரேடு போட்டிருக்கும். லாரிக்காரன், சூப்பர்வைசர், எஞ்சினீயர் எல்லோரும் 'ஃபிஃப்டி த்ரீ' என்பார்கள். சுமக்கிறவரும் அப்படியே சொன்னார். மகனும் அப்படியே பேசினான். என் அம்மா சின்ன வெங்காயக் காட்டில் கூலி. அங்கே எண் எல்லாம் தமிழ் எண். முன்னூத்திப் பத்து என்றால் அது மூட்டைக் கணக்கு, கடன் கணக்கு. நான் அதைக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் அதே வெங்காயக் காட்டுக்காரர் தன் வண்டியை 'டி.வி.எஸ். அம்பது' என்று சொன்னதில்லை. 'பிஃப்டி'தான். எண் எந்தக் கையிலிருந்து வந்ததோ அந்தக் கையின் பேச்சோடுதான் வரும்.

கிடார்க்காரர்கள் உலகம் முழுக்க இப்படித்தான். கிப்சன் கம்பெனி 1958இல் கொண்டுவந்த இ.எஸ்.335ஐ அமெரிக்காவில் 'த்ரீ தர்ட்டி ஃபைவ்' என்பார்கள். இங்கிலாந்தில் 'த்ரீ த்ரீ ஃபைவ்' என்கிறவர்களும் உண்டு. சண்டை போடுவார்கள், கேலியும் செய்வார்கள். ஆனால் அதைச் சொன்னதற்காக எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள்.

அதே கம்பெனி 1936இல் போட்ட இ.எஸ்.150 என்ற கிடாரில் 150 என்பது ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து ஏறத்தாழ அதன் விலை, டாலரில். அதை வாசித்துப் பேர் வாங்கியவர் சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பர். 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார், 1942இல் இருபத்தைந்து வயதில் செத்துப்போனார். கூட்டத்தில் கேட்காமல் அமுங்கிக் கிடந்த கிடாரை, மின்சாரத்தில் தூக்கி முன்னால் நிறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். அந்த எண்ணை அவர் எப்படி உச்சரித்தார் என்று யார் கேட்டார்கள்? வாசித்ததைத்தான் கேட்டார்கள்.

எங்கள் பறைக்கு மாடல் நம்பர் கிடையாது. ஆனால் பெயர் வித்தியாசம் உண்டு. இடது கைக் குச்சியைச் சிலர் சிண்டுக்குச்சி என்பார்கள், சிலர் சிம்புக்குச்சி என்பார்கள். ஒரே அடிக்கு ஊருக்கு ஒரு பெயர். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்து அடிக்கும்போது யாரும் யாரையும் திருத்தியதில்லை. "உங்க ஊர்ல அப்புடியா? சரி, அடி பாப்பம்" என்பார் அப்பா. அவ்வளவுதான்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கிடாரோடு வீட்டுக்கு வந்த ராத்திரி, அவர் அடுப்பு வெளிச்சத்தில் அதைத் தடவிப் பார்த்தார். பறை பிடித்துக் காய்ப்பேறிய கை. "இது என்னா பேருடா?" என்றார். "சி செவன்டி." "எளுபதா?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எளுபது இல்லப்பா, செவன்டி! செவன்டின்னு சொல்லு!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பழகிய வார்த்தை அது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுத்துக்கொண்டார்.

கடைக்காரர் என்னைக் கேட்ட கேள்வியை நான் என் அப்பாவைக் கேட்டுவிட்டேன். வேறு வார்த்தையில், அவ்வளவுதான். இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது. அப்பா இப்போது இல்லை.

நாங்கள் கிடார் எடுத்ததற்குக் காரணமே பறைதான். சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டால் போயே தீரணும் என்ற கட்டு இருந்தது. 1990களில் பறையைக் கீழே போடு என்றார்கள் நம்மில் சிலர். அது நம் கலை, தலை நிமிர்ந்து அடி என்றார்கள் சிலர். ரெண்டும் நியாயந்தான். நான் கிடாரைத் தூக்கிக்கொண்டு ரெண்டிலிருந்தும் தப்பப் பார்த்தேன். தப்ப முடியவில்லை. நாக்கு பிடித்து இழுத்துவிட்டது.

இப்போது ராத்திரியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லிக்கொடுக்கிறேன். மச்சான் கொடுத்த எஃப்310ம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் அதற்கு 'முன்னூத்திப்பத்து' என்றே பேர் வைத்துவிட்டார்கள். போன வாரம் ஒரு சின்னப் பெண் வந்து, "அண்ணா, எனக்கு அந்த எளுபதக் குடுங்க" என்றது. எடுத்துக் கொடுத்தேன். கம்பியில் விரல் எங்கே வைக்கணும் என்பதை மட்டும் திருத்தினேன்.