திருமறுமார்பன் என்றொரு பெயர்

காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்தில் ஆழ்வான் சந்நிதி எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லிவிடும். தை அஸ்தத்தன்று ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ராமாநுசரின் சீடர் கூரத்தாழ்வானுக்குத் திருநட்சத்திரம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அது தெரிந்த நாள். ஆனால் கூரத்தாழ்வான் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஊரும் பட்டமும் சேர்ந்து அமைந்தது. பிறந்தபோது வைத்த பெயர் திருமறுமார்பன், வடமொழியில் ஸ்ரீவத்சாங்கர். பெருமாளின் மார்பில் உள்ள மறுவைச் சொல்லும் பெயர். இவ்வளவு அழகான பெயர் எப்படிப் புழக்கத்திலிருந்து நழுவியது, நழுவியும் எப்படித் தொலையாமல் இருக்கிறது என்ற யோசனை என்னை வெகுநாளாக விடவில்லை.

முன்னோர் பெயரைத் தேடுவது நம் பக்கம் கடினமான வேலை. இங்கிலாந்தில் 1538இலேயே ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு தலைமுறைக்கு முந்தைய பாட்டனாரின் விசித்திரமான பெயரைக்கூட அங்கே ஒருவர் தேடிப் பிடிக்க வழியுண்டு. நம் கிராமங்களில் அப்படி ஏது? சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899இல் வந்ததுதான். அதற்கு முன்னால் என்றால் நிலம் கைகொடுக்கும். ‘இன்னார் மகன் இன்னார்’ என்று கர்ணம் எழுதிய கணக்கில் இரண்டு தலைமுறை ஒரே வரியில் கிடைக்கும். காணி இல்லாதவருக்கு அந்த வரியும் இல்லை. எங்கள் வீட்டு அமாவாசைத் தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று பேர் வருகிறார்கள். அதற்கு மேலே போக எனக்கு வழி தெரியவில்லை.

கூரத்துக்கோ மிகப் பழைய ஏடு ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் கொடுத்த செப்பேடு. 1890இல் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அதைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். முன்பாதி வடமொழி, பின்பாதி தமிழ். கூரத்தில் எழுப்பிய சிவன் கோயிலுக்குப் பரமேசுவரமங்கலம் என்ற ஊரை மன்னன் தானமாகக் கொடுக்கிறான். கோயில், ஊர், ஏரி மூன்றுக்கும் தன் பெயரையே சூட்டியிருக்கிறான். பாலாற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்க்குப் பெரும்பிடுகு என்று பெயர். மன்னனின் யானை அரிவாரணம், குதிரை அதிசயம். கோயில் பொறுப்பேற்ற அனந்தசிவாசாரியார் பெயரும் இருக்கிறது. செக்கும் தறியும்கூட வரவினங்களாக வருகின்றன. ஆனால் அந்தத் தறியில் உட்கார்ந்தவர் யார்? குதிரைக்குக் கிடைத்த இடம் நெசவாளிக்குக் கிடைக்கவில்லை. பட்டுக்குப் பெயர்போன சீமையில் இதைப் படிக்கும்போது மனம் வலிக்கிறது.

அரச வம்சத்துப் பெயர்கள் அழியாமல் இருந்ததற்குச் செம்பு மட்டும் காரணமல்ல. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்தார்கள். மகேந்திரனின் பேரன் மகேந்திரன். பரமேசுவரனின் பேரன் பரமேசுவரன்.

திருமறுமார்பனுக்குச் செம்பும் இல்லை, பேரனும் அந்தப் பெயரில் இல்லை. அந்தப் பெயரைக் காத்தது வாய்வழக்கு. அவரைத் துதிக்கும் தனியனைச் சொல்பவர்கள் வடமொழி வடிவில் அதைத் தினமும் உச்சரிக்கிறார்கள். குருபரம்பரை நூல்கள் ஊரையும் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. ஆழ்வான் செல்வத்தையெல்லாம் விட்டுவிட்டு மனைவி ஆண்டாளோடு திருவரங்கம் புறப்பட்டபோது, காட்டுவழியில் அந்த அம்மையார் பயந்தார். கணவர் உண்பதற்காக ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்து வந்திருந்தார். ஆழ்வான் அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, இனிப் பயமில்லை, நட என்றாராம். மடியில் கனமில்லாதவரின் கதை இது. பெயரையும் அப்படித்தான் விட்டுவிட்டு நடந்தாரோ என்று எனக்குத் தோன்றும்.

அவர் பிள்ளைகளுக்குப் பெயர் வந்த வரலாறு இன்னும் நெகிழ வைப்பது. ராமாநுசருக்கு முந்தைய ஆசாரியர் ஆளவந்தார் பரமபதித்தபோது அவருடைய மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. நிறைவேறாத மூன்று ஆசைகள். பராசரர், வியாசர் பெயர்களை நிலைநிறுத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நிறைவேற்றுகிறேன் என்று ராமாநுசர் வாக்குக் கொடுக்க, விரல் விரிந்தது. பிற்பாடு ஆழ்வானுக்கும் ஆண்டாளுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்தபோது ராமாநுசரே பராசரர், வேதவியாசர் என்று பெயரிட்டார். மூத்தவர் பராசர பட்டர் விஷ்ணு சகஸ்ரநாமத்துக்கு உரை எழுதினார். ஆயிரம் பெயருக்குப் பொருள் சொல்லும் பணி, ஒரு வாக்குறுதிக்காகப் பெயர் பெற்ற பிள்ளைக்கு வாய்த்தது.

அந்தச் செப்பேட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. தானத்தில் ஒரு பங்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு என்று ஒதுக்கப்பட்டது. வியாசரின் பாரதம் கேட்ட கூரத்தில் சில நூற்றாண்டுகள் கழித்துப் பிறந்தவரின் மகனுக்கு வியாசர் பெயர் வந்திருக்கிறது. ஆவணம் இந்த இரண்டையும் இணைக்கவில்லை. நான் இணைத்துப் பார்க்கிறேன், விட மனமில்லை.

பட்டர் வம்சம் திருவரங்கத்தில் இன்றும் தொடர்கிறது. பராசரன் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் அவ்வப்போது கேட்கிறோம். திருமறுமார்பன் என்று பெயர் வைத்த குழந்தையை நான் இதுவரை பார்த்ததில்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் யாராவது ஒரு வீட்டிலாவது வைக்க வேண்டும். கூப்பிட நீளமாக இருந்தால் வீட்டில் மாறன் என்றோ மார்பன் என்றோ சுருக்கிக்கொள்ளட்டும். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் முழுப் பெயரும் இருக்கட்டும்.