சன்னலுக்கு வெளியே ஒரு குழி

எங்கள் வீட்டுக்கு நிலவறை கிடையாது. கடலுக்கும் அடையாற்று முகத்துவாரத்துக்கும் இடையில், கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும் பட்டினப்பாக்கத்து மணலில் எவரும் நிலவறை கட்டத் துணியார். ஆயினும் இன்று நாங்கள் வசிப்பது ஏறக்குறைய ஒரு நிலவறையில்தான். நாங்கள் பள்ளிச் சிறுவர்களாய் இருந்த நாளில் தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் நுழைவோம். இப்போது ஒரு படி இறங்குகிறோம். வீடு அமிழவில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது.

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் கடலையொட்டிய பகுதி மருவூர்ப்பாக்கம். பட்டினப்பாக்கமோ உள்ளே தள்ளி, அரசரும் பெருவணிகரும் வாழ்ந்த இடம். வகுப்பில் இதை விளக்கும்போது எங்கள் முகவரியை அறிந்த மாணவர்கள் சிரிப்பார்கள்.

அம்மாவின் அறைச் சன்னல், காற்றுக்காகத் தாழ வைத்தது. அதற்கும் மதிற்சுவருக்கும் இடையிலுள்ள சந்து இன்று தெருவைவிட இரண்டடி தாழ்ந்த குழி. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் பெருமழையும் சேர்ந்து அடையாறு கரை மீறியபோது, அந்தச் சன்னல் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வந்தது. கட்டிலுக்கடியில் அப்பா சேர்த்து வைத்த சிற்றிதழ்க் கட்டுகள். அம்மாவைத் தூக்கப் போனோம். "என்னை விடுங்கடா, அதை எடுங்க முதல்ல" என்றார். பாதிதான் தேறியது.

ஸ்கார்பரோவில் 'பேஸ்மென்ட்' வீட்டில் வாடகைக்கு இருக்கும் மைத்துனர் தொலைபேசியில் வழி சொன்னார். அங்கே நிலவறைச் சன்னலுக்கு வெளியே அரைவட்டத் தகரம் பதித்த குழி இருக்குமாம். அடியில் ஜல்லி, வடிகுழாய், மேலே மூடி. எல்லாவற்றுக்கும் முன்பாகக் கூரைத் தண்ணீர் குழிக்குள் விழாமல் திருப்ப வேண்டும். மண்ணைச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிக்க வேண்டும். மொட்டைமாடிக் குழாயைத் திருப்பினோம், மூடியும் போட்டோம். பலன் இருந்தது. ஜல்லிதான் காலை வாரியது. நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் ஊரில் ஜல்லி தண்ணீரைக் கீழே அனுப்பும். கார்த்திகையில் எங்கள் மணல் கீழிருந்தே தண்ணீரை மேலே தள்ளியது. கொத்தனார் பார்த்துவிட்டு, "இது குழி இல்ல சார், கெணறு" என்றார்.

ஆகவே அடியில் காங்கிரீட், ஓரத்தில் சிறு தொட்டி, அதில் மோட்டார், மழையில் மின்சாரம் நின்றுவிடும் என்பதால் அதற்கொரு இன்வெர்ட்டர், வாசலில் முழங்கால் உயரத் தடுப்பு. கழிவுநீர்க் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வும் பொருத்தினோம். தெருவை அடைத்தால் சாக்கடை குளியலறை வழியாக வரும் என்பதைப் பட்டுத்தான் அறிந்தோம்.

2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பின்னரே சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். எழுத்தாளர் எழுதிய கடிதம் என்பதால் கூடுதல் ஆர்வத்தோடு படித்தோம். நல்ல உத்தரவு. தெரு இனி உயராது. உயர்ந்த தெரு இறங்கப் போவதுமில்லை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்று எங்கள் ஏற்பாடுகள் அனைத்தும் நின்று காத்தன. அறை உலர்ந்திருந்தது. பிற்பகலில் எதிர்வீட்டுப் பெரியம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தடுப்புக்கு அப்பால் வந்து நின்றார். "தம்பி, உங்க மோட்டார் ஓடுறப்பல்லாம் எங்க வாசல்ல தண்ணி ஏறுதுப்பா."

நிறுத்தினோம். அரைமணியில் குழி நிறைந்து சன்னல் கட்டையைத் தொட்டது. அம்மா உள்ளிருந்து ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் மோட்டாரைப் போட்டோம். பெரியம்மா சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஆடியில் எங்கள் செலவில் அவர் வாசலுக்கும் ஒரு தடுப்புக் கட்டச் சொன்னோம். கொத்தனார் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தபின் தெருக்கோடியைக் காட்டி, "அந்த வூடு இதவிடப் பள்ளம் சார்" என்றார்.