கைநாட்டு

எழுத்தறியாமையை நம்மவர் ஒரு சிறு குறையாகவே எண்ணி வந்தனர். "படிப்பு எதற்கு? பால் மரம் வெட்டத் தெரிந்தால் போதாதா?" என்பது தோட்டப் பேச்சு. ஆனால் வெட்டிய பாலுக்குரிய கூலியும், வாழ்ந்த மண்ணுக்குரிய உரிமையும் தாளில் அன்றோ எழுதப்பட்டிருந்தன!

யான் கோலா குபு பாருவை அடுத்த ரப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்தவன். என் பாட்டியார் அதே தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டியவர். அவர் அறிவிலி அல்லர். தம் நிரையில் எம்மரம் சுரக்கும், எம்மரம் வற்றியது என்பதை இருளிலும் சொல்வார். எனினும் கிராணியார் செக்ரோலில் பதிந்ததே அவருக்கு வேலை நாள். கடைக்காரர் பற்றெழுதியதே அவருக்குக் கடன். ஐயம் எழுந்தாலும், எதைக் காட்டி வழக்குரைப்பார்?

கடிதத்தின் கதை இன்னும் கொடிது. தாய் இறந்த செய்தியை, லயத்து வாசலில் பலர் நடுவே, அயலார் வாயால் கேட்ட பெண்கள் எத்துணைப் பேர்! மறுமொழி எழுதுவிக்கும்போது மனத்துயரை உள்ளபடி சொல்ல இயலுமா? எழுத்தில்லாதவருக்கு அந்தரங்கமும் இல்லை.

சட்டம் இல்லாமற் போகவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் பல தோட்டங்களில் பள்ளியென்பது ஒரு கொட்டகை. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த வேளையில் ஆசிரியர். ஆண்பிள்ளை ஒட்டுப்பால் எடுக்கப் போனான். பெண்பிள்ளை தம்பியைத் தூக்கிச் சுமந்தாள்.

இதன் விலை 1957இல் தெரிந்தது. நாடு விடுதலை பெற்றதும், இங்குப் பிறந்தோர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்வின்றியே பிரஜாவுரிமை பெறலாம் என்றிருந்தது. அவ்வறிவிப்பு ஒட்டிய சுவரைப் பாட்டியார் நாள்தோறும் கடந்தார். அவருக்கு அது வெறுந்தாள். விளக்கிச் சொல்ல வேண்டியவர், "உனக்கேன் அம்மா அதெல்லாம்?" என்றார். ஆண்டு கழிந்தது. பின்னர்த் தேர்வு என்ற சொல்லே அவரை அச்சுறுத்திற்று.

1969இல் பிரஜையல்லாதார் வேலை செய்ய உரிமச்சீட்டு வேண்டுமென்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். பாட்டியார் பிறந்த மண்ணிலேயே அந்நியராகி, சிவப்பு அடையாள அட்டையுடன் இறந்தார். உறவினர் இதனைத் தலையெழுத்து என்றனர். தலையில் எவரும் எழுதவில்லை, தாளில்தான் எழுதவில்லை!

ஏகலைவனிடம் துரோணர் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினாராம். நம்மவரிடம் அதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மை தடவி நாமே நீட்டினோம்.

தோழர்களே! இன்று தோட்டங்கள் பல அழிந்து வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் பிள்ளைகள் படிக்கின்றனர். ஆயினும் பிறப்புச் சான்றும் பிரஜாவுரிமையும் இன்றி அலைவோர் நம்மிடையே இன்னும் உளர். விண்ணப்பங்களோ கைப்பேசிக்குள் போய்ப் புகுந்துகொண்டன. தாளைப் படிக்கத் தெரிந்த முதியோரும் அங்கே மீண்டும் கைநாட்டுகளே. எழுத்தறிந்த ஒவ்வொருவரும் அண்டை வீட்டில் ஒருவருக்கேனும் ஓர் அறிவிப்பைப் படித்துக் காட்டுங்கள். அதற்கு மேலாக, அவரே படிக்கக் கற்றுக்கொடுங்கள். படித்துக் காட்டுவது உதவி. படிக்கக் கற்பிப்பதே விடுதலை.