ஹாஸ்டல் சிரிப்பு போதுமா பாஸ்?

ஹாஸ்டல்ல ஹெச்.ஓ.டி. மாதிரி பேசினா விசில் பறக்குதா? உஷார் பாஸ், அவங்க எல்லாம் உங்க ஃப்ரெண்ட்ஸ்! ஹெச்.ஓ.டி. யாருன்னே தெரியாதவங்களும் சிரிச்சாத்தான் அது ஜோக்.

தெரியாத முகங்களைத் தேடி எங்கே போறது? ராஜாஜி பிறந்த எங்க தொரப்பள்ளியில இருந்து ஓசூர் போய் பஸ் பிடிச்சா, சுமார் 40 கி.மீ.யில் பெங்களூரு. அங்கே புதுசா வர்றவங்களுக்கு 'ஓப்பன் மைக்' நடக்குது. நாலைஞ்சு நிமிஷம்தான் தருவாங்க. அதை செல்போனில் ரெக்கார்டு பண்ணுங்க. சிரிப்பு வராத வரியை வெட்டிட்டு, அதே ஐட்டத்தோட அடுத்த மேடை ஏறுங்க.

திருச்சியில் இன்ஜினீயரிங் படிச்ச சிவகார்த்திகேயன், 'கலக்கப்போவது யாரு?'வில் மிமிக்ரி பண்ணி, தொகுப்பாளராகி, 2012-ல் 'மெரினா'வில் நடிச்சார். சாஃப்ட்வேர் வேலை பார்த்த அலெக்ஸாண்டர் பாபு, பாட்டையும் காமெடியையும் கலந்து தனி ரூட் போட்டார். ரெண்டு பேர் கையிலும் டிகிரி இருக்கு. அதனால அரியரை முதல்ல முடிங்க. அம்மாவை சமாளிக்க அதைவிட நல்ல ஐட்டம் கிடையாது!