நான்கு கதிரைகள்

கன்பராவின் பழைய பாராளுமன்றத்துக்குள் போனதும் கண்ணில் படுவது அந்தப் பச்சைத் தோல் ஆசனங்கள்தான். 1927 முதல் 1988 வரை அவுஸ்திரேலியாவின் பிரதிநிதிகள் சபை அங்கே கூடியது. செனற் சபைக்குச் சிவப்பு ஆசனங்கள். ஐம்பது வருஷம் தாக்குப்பிடித்தால் போதும் என்று தற்காலிகமாகக் கட்டியது அறுபது வருஷம் கடந்தும் உழைத்து, 2009இல் ஜனநாயக அருங்காட்சியகமாகிவிட்டது. நாங்கள் போன நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருந்து விவாதம் செய்து பழகிக்கொண்டிருந்தார்கள்.

தங்கச்சியின் மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். "பெரியம்மா, எங்கட ஊர் ஆக்கள் எந்தப் பாராளுமன்றத்திலை இருந்தவை?" என்று கேட்டாள். "கொழும்பிலை, காலிமுகத்திடலுக்குப் பக்கத்திலை" என்றேன். "அதுவும் மியூசியமோ?" "இல்லைப் பிள்ளை, அது இப்ப ஜனாதிபதி செயலகம்."

அந்தக் கட்டடம் 1930 ஜனவரியில் திறக்கப்பட்டது. கடலைப் பார்த்தபடி வரிசையாகப் பெருந்தூண்கள். அடுத்த வருஷமே டொனமூர் அரசியலமைப்பின் கீழ் முதல் அரசாங்க சபைத் தேர்தல் வந்தது. சொத்து, படிப்பு என்ற நிபந்தனைகள் விலகி, பெண்களும் வாக்குப் போடலாம் என்றான தேர்தல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த வருஷம் ஒரு பெண்ணும் வாக்குப் போடவில்லை, ஆணும் போடவில்லை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை.

இதைச் செய்வித்தது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்தவர்கள். சாதி வேற்றுமைக்கு எதிராக நின்றவர்கள். டொனமூர் தருவது பூரண சுயராச்சியம் இல்லை, ஆகவே வேண்டாம் என்றார்கள். தமிழருக்கென்று தனியாக ஒன்றும் அவர்கள் கேட்கவில்லை. முழு இலங்கையின் விடுதலைக்காகவே தங்கள் ஊரின் கதிரைகளை வெறுமையாக விட்டார்கள். தெற்கும் சேர்ந்து பகிஷ்கரிக்கும் என்று நம்பினார்கள். தெற்கு தேர்தலில் நின்றது, சபைக்குப் போனது, மந்திரிகளைத் தெரிவுசெய்தது. குடாநாட்டின் கதிரைகள் 1934 இடைத்தேர்தல் வரை காலியாகவே கிடந்தன. அதில்தான் ஜீ. ஜீ. பொன்னம்பலம் பருத்தித்துறைக்கும், அருணாசலம் மகாதேவா யாழ்ப்பாணத்துக்கும் உறுப்பினரானார்கள். வடமராட்சிக்காரியான எனக்கு அந்தப் பகிஷ்கரிப்பு முடிவு இன்றைக்கும் நோகிறது. புதிய ஆட்சிமுறை காலூன்றிய வருஷங்களில் எங்கள் பக்கத்துக் குரல் சபைக்குள் இல்லை. ஆனாலும் அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. இந்த நாட்டை முழுதாகத் தங்களுடையதாக நினைத்த இளைஞர்கள் அவர்கள்.

கன்பராவில் என்னைக் கனநேரம் நிறுத்திவைத்தது சபைக்கு வெளியே நடந்தவற்றின் கதை. 1927 திறப்புவிழாவுக்கு ஜிம்மி கிளெமென்ட்ஸ் என்ற பூர்வகுடி முதியவர் வெகுதூரம் நடந்து வந்தார். உடுப்புச் சரியில்லை என்று பொலிஸ்காரர் அவரை அப்புறப்படுத்தப் பார்க்க, கூடிநின்ற சனம் அவருக்காகக் குரல் கொடுத்தது. 1972 ஜனவரி 26 அன்று நான்கு பூர்வகுடி இளைஞர்கள் எதிரேயிருந்த புல்தரையில் ஒரு கடற்கரைக் குடையை நட்டு, காணியுரிமை கேட்டு உட்கார்ந்தார்கள். பொலிஸ் பிடுங்கப் பிடுங்கத் திரும்பவும் முளைத்த அந்தக் 'கூடாரத் தூதரகம்' இன்றும் அதே புல்தரையில் இருக்கிறது. அவர்களுடைய கோரிக்கைகள் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த நாட்டின் பாராளுமன்ற வரலாற்றை அந்தப் புல்தரையை விட்டுவிட்டு இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

எங்களுக்கும் ஒரு புல்தரை இருக்கிறது. 1956 யூன் 5, தனிச்சிங்களச் சட்டமூலம் சபைக்கு வந்த நாள். தந்தை செல்வா தலைமையில் தமிழ் உறுப்பினர்களும் தொண்டர்களும் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் கல்லெறிந்து அடித்தது. அடிபட்டவர்கள் திருப்பி அடிக்கவில்லை. மண்டை உடைந்த உறுப்பினர் அமிர்தலிங்கம் கட்டுப்போட்ட தலையோடு சபைக்குள் போனார். அதே மாதம் சட்டமூலம் அந்தச் சபையில் நிறைவேறியது. பிறகு 1977இல் அதே சபையில் அவர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் போக, பழைய கட்டடம் செயலகமாயிற்று.

2022இல் அந்தத் திடலில் இளைஞர்கள் அரசுக்கு எதிராகக் கூடினார்கள். மே 18 அன்று, போரின் முடிவில் இறந்தவர்களை நினைந்து அங்கேயே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்ச, சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். அதன் படத்தைப் பார்த்து நான் அழுதேன்.

அந்தக் கட்டடத்தைச் செயலகத்திடமிருந்து வாங்கி அருங்காட்சியகமாக்க வேண்டும் என்பது என் ஆசை. பழைய சபாமண்டபத்தை 1931இல் இருந்தபடியே அடுக்கட்டும். நான்கு கதிரைகளில் தொகுதிப் பெயரை மட்டும் மூன்று மொழியிலும் எழுதி, ஏன் ஆளில்லை என்ற காரணத்தைப் பக்கத்தில் வைக்கட்டும். திடலைப் பார்த்த யன்னலருகே 1956ஐயும் 2022ஐயும் சேர்த்துச் சொல்லட்டும். பருத்தித்துறையிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் சுற்றுலா வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரே நாளில் உள்ளே விட்டு, கன்பராப் பிள்ளைகளைப் போல எதிரெதிரே இருத்தி, அந்தப் பகிஷ்கரிப்புச் சரியா பிழையா என்று விவாதிக்க விடட்டும்.